பெட்டிக்குள் இல்லாத காய்

சிறையிலிருந்து தப்புவது விளையாட்டா? விளையாட்டுத்தான், தோழர்களே! அட்டைப் பெட்டியிலே அடைத்துக் கடையிலே காசுக்கு விற்ற விளையாட்டு! திண்ணையிலே தாயம் ஆடுகிறோமே, அதுபோலக் காயும் பகடையும் கொண்ட ஆட்டம். 'கோல்டிட்ஸிலிருந்து தப்புதல்' என்று பெயர். 1973-இல் பிரிட்டனில் கிப்சன்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 2016-இல் மறுபதிப்பும் வந்தது.

கோல்டிட்ஸ் என்பது ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலே, குன்றின்மீது நிற்கும் பழங்கோட்டை. இரண்டாம் உலகப் போரிலே இட்லரின் இராணுவம் அதைச் சிறையாக்கிற்று. மற்ற முகாம்களிலிருந்து ஓடிப் பிடிபட்ட எதிரி நாட்டு அதிகாரிகளை அங்கே கொண்டுபோய்ப் பூட்டிற்று. ஓடத் துடிப்பவர்களை எல்லாம் ஓரிடத்திலே சேர்த்தால் என்ன ஆகும்? ஓடும் வித்தைக்கு ஒரு கல்லூரியே உண்டாயிற்று! சுரங்கம் தோண்டினர், கள்ளச் சாவி செய்தனர், போலிச் சீட்டு எழுதினர். பாட் ரீட் என்ற ஆங்கில அதிகாரி, 1942 அக்டோபரில், நிலவறையின் குறுகிய துளை வழியே, உடையைக் களைந்து உடலை நுழைத்து வெளியேறினார், சுவிட்சர்லாந்து சேர்ந்தார். இந்த ஆட்டத்தை அமைத்தவர்களில் அவரும் ஒருவர்.

ஆட்டம் எப்படி? ஒருவர் காவல் அதிகாரி. மற்ற ஒவ்வொருவரும் ஒரு நாட்டுக் கைதிகளின் தலைவர். பகடை உருட்டி, காய் நகர்த்தி, உணவு, மாற்றுடை, திசைகாட்டி, போலிச் சீட்டு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். கயிறு தேட வேண்டும், சாவி தேட வேண்டும். பிடிபட்டால் தனிக்கொட்டடி, வெளியேறினால் வெற்றி. கைதிக் காய்களுக்கெல்லாம் ஒரே விதி! அழகான ஏற்பாடு, மறுப்பதற்கில்லை.

ஆனால் உண்மைக் கோட்டையிலே ஒரே விதியா இருந்தது?

1929-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம், பிடிபட்ட அதிகாரியை வேலை வாங்கக் கூடாது என்றது. அவருக்கு ஊழியம் செய்ய அவருடைய படையின் சாதாரணச் சிப்பாயையே முகாமிலே வைத்தது. ஒரே பூட்டு, ஒரே சுவர். உள்ளே ஆண்டான் ஒருபுறம், ஏவலாள் ஒருபுறம்! தப்பும் திட்டங்களில் ஏவலாளுக்குப் பொதுவாக இடமில்லை.

இரு கால் இழந்த விமானி டக்ளஸ் பேடர், வீரர் என்று உலகம் போற்றிய மனிதர். ஸ்காட்லாந்துச் சிப்பாய் ஒருவர் அவரை முதுகிலே சுமந்து படியேறினார், படியிறங்கினார். 1943-இல் அந்தச் சிப்பாய்க்குத் தாய்நாடு திரும்பும் வாய்ப்பு வந்தது. பேடர் விடவில்லை! 'எனக்கு வேலைக்காரனாக வந்தாய், வேலைக்காரனாகவே இரு' என்ற பொருள்படப் பேசி மறுத்தார் என்று அந்தச் சிப்பாயே பின்னாளில் சொன்னார். ஜெர்மானியன் திறக்க முன்வந்த கதவை, சொந்தப் படையின் அதிகாரி சாத்தினார்!

இன்னொருவர் பிரேந்திரநாத் மஜும்தார். கோல்டிட்ஸில் இருந்த ஒரே இந்தியர். பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர். சுபாஷ் சந்திர போஸின் படையில் சேர அழைப்பு வந்தது. இந்திய விடுதலையை விரும்பியவர்தான். ஆனாலும் எடுத்த உறுதிமொழியை மீற மாட்டேன் என்று மறுத்தார். அந்த நேர்மைக்குக் கிடைத்த பரிசு என்ன? உடனிருந்த ஆங்கிலேயர் சிலர் அவரை ஒற்றன் என்று ஐயுற்றனர். யானையை நினைவூட்டும் பட்டப்பெயர் சூட்டினர். தப்ப உதவுங்கள் என்றார். உன் தோலின் நிறமே உன்னைக் காட்டிக் கொடுக்கும் என்று தள்ளினர். அவர் சோர்ந்தாரா? உண்ணாநோன்பு இருந்தார். பிரான்சிலிருந்த இந்தியர் முகாமுக்கு மாற்றம் பெற்றார். அங்கிருந்து தப்பி, இன்னொரு இந்தியரோடு பல நூறு கிலோமீட்டர் நடந்தே சுவிட்சர்லாந்து சேர்ந்தார்! உதவாது என்று ஒதுக்கப்பட்ட அதே தோலோடு!

இப்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், அமெரிக்கர், டச்சுக்காரர், போலந்துக்காரர் என ஐந்து நாட்டார்க்கும் காய் உண்டு. மஜும்தாருக்குக் காய் இல்லை. அதிகாரியை முதுகிலே சுமந்தவருக்கும் இல்லை.

ஆட்டத்தை ஆடுங்கள், தோழர்களே, தவறில்லை. சுவர் தாண்டிய வீரனையும் பாராட்டுங்கள். அவன் உண்ட தட்டைக் கழுவியவன் யார், அவனுக்குத் திறந்த வழி யாருக்கு அடைக்கப்பட்டது என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். வரலாறு எழுதுகிறவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்!