பூஜையறையில் தேங்கும் பழையவை

ஓசூர் மலைமீது கோயில் கொண்ட சந்திரசூடேஸ்வரரையும் மரகதாம்பாளையும் தரிசித்துத் திரும்பும் அன்பர்கள், விபூதிப் பொட்டலத்தைப் பூஜையறைத் தட்டில் வைப்பது வழக்கம். அங்கே திருப்பதி, பழநி, தர்மஸ்தலா என்று பல பொட்டலங்கள் முன்பே காத்திருக்கும். அவற்றோடு சென்ற ஆண்டுகளின் நாட்காட்டிப் படங்கள், பிள்ளையார் அச்சிட்ட திருமண அழைப்பிதழ்கள், உலர்ந்த மாலை, காலியான ஊதுபத்திப் பெட்டி ஆகியவையும் சேர்ந்துவிடுகின்றன. கூடம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், வீட்டின் மிகப் புனிதமான மூலையே நெரிசலாகக் காட்சியளிக்கிறது. எதையும் குப்பை என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

இந்த நெரிசல் மிகப் பழையதன்று. 1894-இல் மும்பையில் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கிய பின்னரே வண்ணச் சாமிப் படங்கள் எளியோர் இல்லங்களுக்கும் வந்தன. பிறகு கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976), அவருடைய சீடர்கள் ஆகியோரின் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாக வீடுதோறும் தொங்கின. ஆண்டுதோறும் புதிய படம் வருகிறது; பழையது விடைபெற ஒரு வழியை நாம் வகுத்துக்கொள்ளவில்லை.

வங்கிகளில் பதிவேடுகளைக் காப்பதற்கு 1985-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. சில ஏடுகளுக்கு 5 ஆண்டு, சிலவற்றுக்கு 8 ஆண்டு. காலம் முடிந்தால் முறைப்படி கழித்துவிடலாம். வீட்டுக்கும் அத்தகைய ஒழுங்கு தேவை.

வழியின்மையால் பழைய படங்கள் அரசமரத்தடிக்கோ தென்பெண்ணை ஆற்றுக்கோ போய்ச் சேருகின்றன. கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரால் நுரை பொங்குவதை நாம் அறிவோம். அந்த நீரில் கண்ணாடியையும் நெகிழிச் சட்டத்தையும் இடுவது இறைவனுக்குச் செய்யும் மரியாதையாகாது.

செய்யத்தக்கவை எளியவை. விபூதிப் பொட்டலங்களைப் பிரித்து ஒரே சம்புடத்தில் சேர்த்து, நாள்தோறும் அணியலாம். குங்குமத்துக்கும் அவ்வாறே ஒரு சிமிழ் போதும். கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் சட்டம் போடும் கடையில் மாற்றிக்கொள்ளலாம். மங்கிப்போன காகிதப் படத்தை வணங்கி, நீரில் ஊறவைத்துக் கரைத்துச் செடியின் அடியில் இடலாம். மாலைகளில் சரிகையையும் நெகிழி நூலையும் நீக்கினால், பூக்கள் நம் ஊர் ரோஜாச் செடிகளுக்கே உரமாகும். திருமலையில் பூஜித்த மலர்களிலிருந்து 2021 முதல் ஊதுபத்தி செய்கிறார்கள். மும்பையில் விநாயகர் சதுர்த்தியின்போது நிர்மால்யத்துக்கென்றே தனிக் கலசங்கள் வைக்கிறார்கள். பின்னமான விக்கிரகமாயின், குடும்பக் குருக்களிடம் கேட்டு அவர் சொல்லும் முறைப்படி செய்வதே நன்று.

இதில் நம் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. உலர்ந்த பூவும் காகிதமும் விளக்கருகே குவிந்திருந்தால் ஒரு பொறி போதும், தீப்பற்றிவிடும். தரையில் சிந்திய எண்ணெய், முதியோர் காலை வழுக்கிவிடும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. தாத்தா காலத்திலிருந்து வழிபட்ட குலதெய்வப் படம் எது, மளிகைக் கடைக்காரர் கொடுத்த படம் எது என்பது நமக்கு மட்டுமே தெரியும். நாம் சொல்லாவிட்டால், பெங்களூரில் இரண்டு அறை வீட்டில் வசிக்கும் பிள்ளைகள் நாளை அனைத்தையும் ஒன்றாகவே எண்ணுவார்கள். காக்கவேண்டியதும் கழிக்கவேண்டியதும் ஒரே மூட்டையில் போய்விடும். ஆகவே, பூஜைக்குரிய படத்தின் பின்புறம் அது யாருடையது, எவ்வாறு வந்தது என்று எழுதிவைப்போம்.

போகிக்கு முன்போ, தெலுங்கு, கன்னடக் குடும்பங்களானால் யுகாதிக்கு முன்போ ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். எதையும் எரிக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு, ஒவ்வொரு படத்தின் கதையையும் சொல்லியபடியே பிரித்துவையுங்கள். அந்த ஒரு நாளில் அறையும் தூய்மையாகும். குடும்பத்தின் வழிபாட்டு மரபும் அடுத்த தலைமுறையின் கைக்குச் சேரும்.