மீன் இல்லாத தண்ணீரைக் கழித்துவிடுங்கள்

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல, பெரும் பணம் புரளும் பந்தயமும்கூட. 2018இல் கார்மின் நிறுவனம் ‘லைவ்ஸ்கோப்’ என்ற சோனார் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பந்தயத்தின் முகமே மாறிப்போனது. படகுக்கு முன்னால் மீன் திரும்புவதும் இரையை நோக்கி வருவதும் திரையில் அப்படியே தெரிகின்றன. ‘இது மீன்பிடியா, வீடியோ கேமா?’ என்று சண்டை மூண்டது. முடிவில், 2025ஆம் ஆண்டு ‘பாஸ் ப்ரோ டூர்’ போட்டியில் நாளொன்றின் மூன்று சுற்றுகளில் ஒன்றில் மட்டுமே இவ்வகைக் கருவிக்கு அனுமதி தந்தார்கள்.

சரி, கருவியே இல்லாவிட்டால் பாஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மீனைத் தெரிந்துகொள்வோம். நம் கடலோரத்துக் கொடுவாவையும் ஆங்கிலத்தில் ‘சீ பாஸ்’ என்பார்கள், அது வேறு. இது வட அமெரிக்க நன்னீரில் வாழும் பெருவாய் பாஸ். நெடுந்தூரம் துரத்திப் போகாது. நம்மூர் விரால்போலச் செடிகொடிக்குள் பதுங்கியிருந்து, பக்கத்தில் வரும் குஞ்சுமீன் மீது பாயும்.

1950களில் அமெரிக்காவில் லோரன்ஸ் என்ற குடும்பத்தார் ஏரிகளில் முங்கிப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார்கள்: ஏரி மீன்களில் 90 சதவீதம், 10 சதவீதத் தண்ணீரில்தான் கூடியிருக்கின்றன. துல்லியமான அளவாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், மீன் இருக்கும் இடத்தைத் தேடுவதைவிட, இல்லாத இடத்தை ஒதுக்குவது சுலபம் என்ற பாடம் இதில் இருக்கிறது.

விஸ்கான்சின் மாநிலத்தின் மெண்டோட்டா ஏரியை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 40 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதிகபட்ச ஆழம் 25 மீட்டர். கோடையில் இங்கே மீன் இல்லாத ஆழத்தைக் கண்டுபிடிக்க ஒரு பாட்டிலும் தெர்மாமீட்டரும் போதும். பாட்டிலின் அடியில் ஈயக் குண்டைக் கட்டி, வாயைத் தக்கையால் மூட வேண்டும். பாட்டிலுக்கு ஒரு கயிறு, தக்கைக்கு ஒரு கயிறு. மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஐந்தாவது முடிச்சுவரை இறக்கிவிட்டுத் தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் குபுகுபுவென்று குமிழி கிளம்பும். குமிழி நின்றதும் பாட்டில் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மளமளவென்று மேலே இழுத்துச் சூட்டை அளக்கலாம். பிறகு ஆறு, ஏழு என்று ஒவ்வொரு மீட்டராக இறக்கிப் பார்க்க வேண்டும்.

ஓர் ஆழம் வரை சூடு பெரிதாக மாறாது. அதன் பிறகு மீட்டருக்கு ஒரு டிகிரி, அதற்கும் மேல் என்று சரசரவென்று இறங்கும். இந்த அடுக்குக்கு ‘தெர்மோகிளைன்’ என்று பெயர். 1890களில் இதே மெண்டோட்டாவை ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் பர்ஜ் வைத்த பெயர் அது.

வெயிலில் சூடான தண்ணீர் லேசானது, மேலே மிதக்கும். குளிர்ந்தது கனமானது, அடியில் தங்கிவிடும். காற்று மேல் அடுக்கை மட்டுமே கலக்குவதால், அடியில் கிடக்கும் தண்ணீருக்குப் புதிய ஆக்ஸிஜன் போய்ச் சேராது. மேலிருந்து விழும் பாசி மக்கும்போது, இருக்கும் கொஞ்சமும் தீர்ந்துவிடும். ஆகஸ்ட் மாதம் மெண்டோட்டாவில் சுமார் 10 மீட்டருக்குக் கீழே மீனுக்கு மூச்சு முட்டும். ஒரு பாட்டிலை வைத்தே ஏரியின் அடிப்பாதியைக் கழித்துவிட்டோம்!

மேல்பாதியில் எங்கே தேடுவது? அதற்கு ஒரு வெள்ளைத் தட்டு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கித் தண்ணீரின் தெளிவை அளந்தார். இன்றும் ஏரி ஆய்வாளர்கள் 20 சென்டிமீட்டர் தட்டை இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். தோராயமாக அந்த ஆழத்தின் இரண்டு மடங்கு வரை நீர்ச்செடிகள் வளர வெளிச்சம் இருக்கும். செடிகள் முடிந்து வெறுந்தரை தொடங்கும் அந்த ஓரம்தான் பாஸ் காத்திருக்கும் இடம்.

நண்பகலில் படகுத்துறைக்கு அடியிலும் சாய்ந்த மரத்தின் நிழலிலும் பாஸ் நிற்பதற்குக் காரணம் உண்டு. திண்ணை நிழலில் இருப்பவருக்குத் தெருவில் போகிறவர் பளிச்சென்று தெரிவார். வெயிலில் நடப்பவருக்குத் திண்ணையில் யார் என்று சட்டெனப் புலப்படாது. பாஸுக்கும் குஞ்சுமீனுக்கும் இடையே நடப்பது அதேதான்.

காற்று ஒரே திசையில் சில மணி நேரம் வீசினால் மிதவை உயிரிகள் எதிர்க்கரையில் ஒதுங்கும். அவற்றைத் தின்னச் சிறுமீன் வரும், சிறுமீனுக்காகப் பாஸ் வரும். கரையோரம் நாரை அசையாமல் நின்றால் அங்கே சிறுமீன் இருக்கிறது என்று பொருள். கரையின் வடிவமும் துப்பு தரும். மெண்டோட்டாவின் தென்கரையில் ‘பிக்னிக் பாயின்ட்’ என்ற நிலம் விரல்போல ஏரிக்குள் நீண்டிருக்கிறது. இப்படிப்பட்ட விரல்கள் தண்ணீர் தொடங்கும் இடத்தோடு முடிந்துவிடுவதில்லை, அடியிலும் தொடரும். ஈயக் குண்டைத் தரையில் இழுத்துப் பார்த்தால் கயிறே சேதி சொல்லும்: சேறு என்றால் பொதுக்கென்று இழுக்கும், சரளை என்றால் டக்டக்கென்று தட்டும்.

வசந்தத்தில் இத்தனை வித்தையும் தேவையில்லை. தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆண் பாஸ் கரையோர ஆழமற்ற நீருக்கு வந்து, வாலால் தரையைப் பெருக்கித் தாம்பாளம்போல வட்டக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போய்விடும்; காவல் முழுக்க ஆணின் பொறுப்பு. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தின் பெரும்பகுதி கிடைமட்டமாக அதிரும் ஒளி. அதை மறிக்கும் போலராய்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் கூடும் தெரியும், காவல்காரனும் தெரிவான்.

பிடிக்கவும் மிகச் சுலபம், ஏனென்றால் அவன் கூட்டை விட்டு ஓடமாட்டான். ஆனால் அவனைத் தூக்கிய சில நிமிடங்களிலேயே, சுற்றிக் காத்திருக்கும் ப்ளூகில் மீன்கள் முட்டைகளை மொய்த்துத் தின்னத் தொடங்கிவிடும். அந்த வட்டம் கண்ணில் பட்டால் தூண்டிலை வேறு பக்கம் வீசுங்கள்.