அதிகாரத்தின் எல்லைகள் – 9: தண்ணீருக்கென்று ஓர் அரசாங்கம்

சென்ற வாரம் நகராட்சிகள் பிறக்கும் கதையைப் பார்த்தோம். அமெரிக்காவில் அவற்றைவிட எண்ணிக்கையில் அதிகமாக இன்னொரு வகை உள்ளாட்சி இருக்கிறது. ஒரே ஒரு வேலைக்கென்று உருவாக்கப்படுவது. கொசு ஒழிக்க ஒன்று, தீயணைக்க ஒன்று, இடுகாட்டைப் பராமரிக்க ஒன்று, வயலுக்குத் தண்ணீர் விட ஒன்று. 2022 கணக்கெடுப்பில் 39,000-க்கும் மேல் இருந்தன. பள்ளிகளுக்கான அமைப்புகள் இதில் சேராது. அவை தனிக் கணக்கு. இவற்றையும் அங்கே ‘டிஸ்ட்ரிக்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். கலெக்டர் இருக்கும் மாவட்டத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, நாம் ‘வட்டாரம்’ என்று வைத்துக்கொள்வோம்.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் உள்ளாட்சி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. மாநில சட்டமன்றம் கொடுத்தால்தான் அதிகாரம், கொடுக்காதது இல்லை. அப்படியானால் சட்டமன்றம் எப்போது, யார் கேட்டு, எதையெல்லாம் கொடுக்கிறது? கலிபோர்னியாவின் பாசன வட்டாரங்களைவிட இதைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1880-களின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு. வானம் பார்த்த பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, அதுவும் பெரிய பண்ணையார்களின் கையில். கிழக்கே சியரா நெவாடா மலையில் பனி உருகி ஆறுகளில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. நிலம் காய்ந்து கிடக்கிறது. இந்த நேரத்தில்தான் 1886-இல் ‘லக்ஸ் எதிர் ஹாகின்’ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவரின் உரிமை செல்லும். வென்றது மில்லர் அண்ட் லக்ஸ் என்ற மாட்டுப்பண்ணைப் பெருநிறுவனம். கரையிலிருந்து பத்து மைல் தள்ளி நாற்பது ஏக்கர் வைத்திருப்பவன் என்ன செய்வான்? தனியாக வாய்க்கால் வெட்ட அவனிடம் காசு இல்லை. காசு இருந்தாலும் நடுவில் இருப்பவர் நிலத்தில் வெட்ட விட மாட்டார். விட்டாலும் கரைக்காரர் வழக்குப் போடுவார்.

மொடெஸ்டோ நகரத்து வழக்கறிஞர் சி. சி. ரைட் இந்தப் பிரச்சினையை முன்வைத்தே சட்டமன்றத்துக்குப் போனார். 1887 மார்ச்சில் அவர் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. அதன் நடைமுறை எளிமையானது. ஒரு பகுதியின் நில உரிமையாளர்கள் ஐம்பது பேர் கையெழுத்திட்டு கவுண்டி நிர்வாகக் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். குழு எல்லையை வரையறுத்துத் தேர்தல் அறிவிக்கும். மூன்றில் இரண்டு பங்கு பேர் ‘வேண்டும்’ என்றால் வட்டாரம் பிறந்துவிட்டது. ஐந்து இயக்குநர்களையும் அதே மக்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

பிறந்த அந்த அமைப்பின் கையில் மூன்று அதிகாரங்கள். கடன் பத்திரம் வெளியிடலாம். கடனை அடைக்க எல்லைக்குள் இருக்கும் எல்லா நிலத்துக்கும், பாசனம் வேண்டாம் என்றவரின் நிலத்துக்கும் சேர்த்து, தீர்வை போடலாம். கட்டாவிட்டால் நிலம் ஏலத்துக்கு வரும். மூன்றாவது, நிலத்தையும் நீர் உரிமையையும் இழப்பீடு கொடுத்துக் கட்டாயமாக எடுக்கலாம். நாற்பது ஏக்கர்காரனை மறித்து நின்ற தடைகள் ஒவ்வொன்றுக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. சும்மா எழுதிவைத்த பட்டியல் இல்லை இது.

இன்னொரு வரிதான் பண்ணையார்களைக் கலங்கடித்தது. எல்லைக்குள் குடியிருக்கும், ஓட்டுரிமை உள்ள எல்லாரும் வாக்களிக்கலாம். பத்தாயிரம் ஏக்கர்காரருக்கும் ஒரு ஓட்டு. டவுனில் கடை வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. (அந்நாளில் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு அங்கே 1911-இல்தான் கிடைத்தது.)

1887 ஜூனில் முதலாவதாக டர்லாக் பாசன வட்டாரம் அமைந்தது. அடுத்து மொடெஸ்டோ. வழக்குகள் குவிந்தன, பத்திரங்களை வாங்க ஆள் வரவில்லை. இரண்டும் சேர்ந்து டுவாலமி ஆற்றின் குறுக்கே லா கிராஞ்சில் 1893-இல் அணையைக் கட்டி முடித்தன. ஆனாலும் டர்லாக்கின் வயல்களுக்குத் தண்ணீர் வர 1900 ஆயிற்று. பதின்மூன்று வருஷம்! தீர்வை கட்டிக்கொண்டே வறண்ட வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குடும்பங்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ரைட் சட்டத்தின்கீழ் நாற்பதுக்கும் மேற்பட்ட வட்டாரங்கள் உருவாகி, பெரும்பாலானவை கடனில் மூழ்கிப் போயின. டர்லாக் பிழைத்தது. கோதுமைப் பண்ணைகள் துண்டு துண்டாகி, பழத்தோட்டமும் பால்மாடுமாகச் சிறு குடும்பங்கள் குடியேறின. 1923-இலிருந்து அந்த வட்டாரம் மின்சாரமும் விற்கிறது.

நடுவே 1896-இல், ஃபால்புரூக் என்ற வட்டாரத்தில் தீர்வை கட்ட மறுத்த ஒரு பெண்மணியின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. என் பணத்தை எடுத்து அடுத்தவன் வயலுக்குத் தண்ணீர் விடுவது எப்படிப் பொதுக் காரியம் ஆகும் என்று அவர் தரப்பு கேட்டது. வறண்ட நிலத்துக்குப் பாசனம் தருவது பொதுக் காரியமே என்றது நீதிமன்றம். அதன்பின் இந்த அமைப்புகளின் அதிகாரத்தை யாரும் அடியோடு அசைக்க முடியவில்லை.

அதே அதிகாரம், ஓட்டு யாருக்கு என்ற ஒற்றை விதி மாறும்போது என்ன ஆகிறது என்பதை அதே பள்ளத்தாக்கின் தெற்கே பார்க்கலாம். டுலாரி ஏரி ஒரு காலத்தில் மிசிசிப்பிக்கு மேற்கே மிகப் பெரிய நன்னீர் ஏரி. அதை வற்றவைத்து வயலாக்கினார்கள். அங்கே அமைந்த நீர்த்தேக்க வட்டாரத்தில் 1,93,000 ஏக்கர். குடியிருந்தவர்களோ குழந்தைகளையும் சேர்த்து 77 பேர். 85 சதவீத நிலத்தில் நான்கு நிறுவனங்கள் விவசாயம் செய்தன. சட்டப்படி நில உரிமையாளருக்கு மட்டுமே ஓட்டு. அதுவும் நிலத்தின் மதிப்பில் ஒவ்வொரு நூறு டாலருக்கும் ஒரு ஓட்டு. பாஸ்வெல் என்ற ஒரே நிறுவனத்திடம் 37,825 ஓட்டுகள். இயக்குநர்களில் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்க அதுவே போதும்.

1969-இல் பெருவெள்ளம் வந்தது. கெர்ன் ஆற்றுத் தண்ணீரை பியூனா விஸ்டா ஏரிப் படுகைக்குத் திருப்பிவிடலாம் என்ற தீர்மானம் இயக்குநர்கள் முன் வந்தது. அந்தப் படுகையில் பாஸ்வெல் நிறுவனம் குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தது. தீர்மானம் 6-க்கு 4 என்று கிடப்பில் போடப்பட்டது. வெள்ளம் டுலாரிப் படுகையிலேயே ஏறியது. எல்லைக்குள் வாடகைக்குக் குடியிருந்த ஒருவரின் வீடு, உச்ச வெள்ள மட்டத்துக்குப் பதினைந்தரை அடி கீழே இருந்தது. அவருக்கு அந்த வட்டாரத்தில் ஒரு ஓட்டுகூடக் கிடையாது.

அவரும் சிறு நிலக்காரர்களும் இன்னொரு நிறுவனமும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 1973-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இது குறுகிய ஒரு வேலைக்கான அமைப்பு, அதன் சுமை நிலக்காரர்கள் மேல்தான் விழுகிறது, ஆகவே ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற நியதி இதற்குப் பொருந்தாது என்பது வாதம். நீதிபதி டக்ளஸ் தன் மாற்றுத் தீர்ப்பில் மேலே சொன்ன எண்களையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்தார். என் கட்சி டக்ளஸின் கட்சிதான். சுமை தீர்வை ரசீதாக மட்டும் வருவதில்லை, வெள்ளமாகவும் வருகிறது. வெள்ளம் பட்டா பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை.

2023-இல் பெருமழையும் பனியும் சேர்ந்து டுலாரி ஏரி மறுபடி எழுந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் தண்ணீருக்குள் போனது. 1973 தீர்ப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

(அடுத்த வாரம்: டிஸ்னிக்காக புளோரிடா சட்டமன்றம் 1967-இல் உருவாக்கிய ரீடி கிரீக்)