அக்குள் கணுக்களை எல்லாம் அகற்ற வேண்டுமா?

சிங்கப்பூர்ப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். நோய் உறுதியானதும் குடும்பத்தார் முதலில் கேட்பது, “வேறெங்கும் பரவிவிட்டதா, டாக்டர்?” என்பதே. அதற்கான விடையை மருத்துவர்கள் முதலில் தேடும் இடம் அக்குள்.

கணு சொல்லும் சேதி

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். அங்கே வீங்குவது நிணநீர்க் கணு. அக்குளிலும் அத்தகைய கணுக்கள் உண்டு. மார்பகத்திலிருந்து வடியும் நிணநீரில் பெரும்பகுதி அவற்றின் வழியாகத்தான் செல்கிறது. எத்தனை கணுக்களில் நோய் இருக்கிறது என்பதைப் பொறுத்து (1 முதல் 3, 4 முதல் 9, 10 அல்லது அதற்கு மேல்) நோயின் கட்டமும் சிகிச்சையும் மாறும்.

குறைவாக எடுத்தாலும் ஆயுள் குறையவில்லை

முன்பெல்லாம் அக்குள் கணுக்களை மொத்தமாக அகற்றிவிடுவார்கள். இப்போது, ஆரம்பக் கட்டத்தில், நீலச் சாயத்தையோ சிறிதளவு கதிரியக்கப் பொருளையோ மார்பகத்தில் செலுத்துகிறார்கள். அது முதலில் போய்ச் சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள்.

அவற்றில் நோய் இருந்தால்? கட்டியை மட்டும் அகற்றி, கதிர்வீச்சும் பெறும் பெண்களிடம், ஒன்றிரண்டு கணுக்களில் நோய் இருந்த நிலையில், அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் வெளியான அதன் பத்தாண்டு முடிவுப்படி, மேற்கொண்டு கணுக்களை எடுக்காதவர்களில் 86.3 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். மொத்தமாக எடுத்தவர்களில் 83.6 விழுக்காட்டினர். அதிகம் எடுத்ததால் ஆயுள் கூடவில்லை.

கையைக் காப்பதும் சிகிச்சையே

கணுக்களை மொத்தமாக எடுத்தால் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. வழக்கமாகப் போடும் வளையல் இறுகும், ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிக்கும். முதல் கணுக்களை மட்டும் எடுத்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. வீக்கம் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுவா சூ காங் சகோதரிகளுக்கு

சிறிய சிகிச்சையே போதுமானதாக இருக்க வேண்டுமென்றால் நோய் சீக்கிரம் தெரிய வேண்டும். சிங்கப்பூரின் தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் 2002இல் தொடங்கியது. 50 வயதைத் தாண்டியவர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். 40களில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கலந்து பேசி, ஆண்டுதோறும் எடுக்கலாம். ‘தீபாவளி முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். சுவா சூ காங் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ விசாரித்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். கட்டி தென்பட்டால் அடுத்த மேமோகிராம் வரை காத்திருக்க வேண்டாம்.

அறுவை சிகிச்சை என்றால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை கணுக்களை எடுப்பீர்கள்? எத்தனையில் நோய் இருந்தது? மேற்கொண்டு எடுப்பதால் எனக்கு என்ன பலன்? தயங்க வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.