கோடையில் ஈறு கசிவதும் கொல்லைப் பயிரும்

பங்குனி முதல் ஆனி வரையிலுள்ள மாதங்களில், மானாவாரிப் பிரதேசத்துக் குடியானவர் வீடுகளில் பல் துலக்கும்போது ஈறு கசிந்து இரத்தம் வருவது அபூர்வமன்று. தேகச் சூடு என்று சொல்லி, எண்ணெய் முழுக்கோடு விட்டுவிடுகிறார்கள். கிணறு வற்றிக் கொல்லைக் கீரை பட்டுப்போன காலத்தில் இது காண்பதேன் என்று விசாரிப்பவர் சிலரே.

ஈற்றுத் தசையையும், பல்லை எலும்போடு பிணைக்கும் நார்களையும், மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவரையும் உறுதியாக வைத்திருக்கும் பொருள் உடம்பில் உண்டாவதற்கு ‘ஸி’ என்னும் ஜீவசத்து இன்றியமையாதது. மாடும் ஆடும் இச்சத்தைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கின்றன; மனிதனுக்கு அது இயலாது. வெறும் வைக்கோலில் கோடையைக் கழிக்கும் எருதுக்கு ஈறு கெடாதிருக்க, அதை ஓட்டுபவருக்குக் கெடுவதன் காரணம் இதுவே.

தானியத்தால் வயிறு நிறைந்தால் மட்டும் போதாதென்பதற்குச் சரித்திரத்தில் தக்க சான்றுண்டு. 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை, மெசொபொட்டேமியாவில் கூட் என்னும் ஊரில் ஆங்கில அரசாங்கத்தின் சேனையைத் துருக்கியர் முற்றுகையிட்டிருந்தனர். காய்கறி அற்றுப்போயிற்று. வெள்ளைச் சிப்பாய்கள் வெள்ளை மாவு ரொட்டியும் குதிரை மாமிசமும் உண்டனர். இந்தியச் சிப்பாய்களோ மத ஆசாரத்தை முன்னிட்டு நெடுநாள் அம்மாமிசத்தை மறுத்து, ஆட்டாவும் பருப்பும் கொண்டே பிழைத்தனர். தவிடு நீங்கிய மாவைத் தின்ற வெள்ளையரைப் பெரிபெரி பிடித்தது. இந்தியர் அதற்குத் தப்பினர். ஆனால் புதிய மாமிசத்திலிருக்கும் சொற்ப ஸி ஜீவசத்தும் கிட்டாத இந்தியரிடையே ஈறு வீங்கிக் கசியும் ஸ்கர்வி நோய் பரவிற்று. ஒரே முற்றுகைக்குள் இரு சாராருக்கு இரு வியாதி!

அவர்கள் கையில் பருப்பாக உடைக்காத முழுப் பயறு இருந்திருப்பின் உபாயமும் இருந்தது. உலர்ந்த பயறில் இச்சத்து அநேகமாக இல்லை, முளைகட்டினால் உண்டாகிறது. இதை லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஹாரியட் சிக் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும் அக்காலத்திலேயே பரீட்சித்துக் காட்டினர். பச்சைப் பயறோ கடலையோ ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, துணி காயாமல் ஒன்றிரண்டு நாள் நீர் தெளித்துவந்தால் முளை காணும். பச்சையாகவோ இலேசாக வதக்கியோ உண்ணவேண்டும். குழைய வேகவிட்டால் பட்ட பாடு வீண்.

கீரைக்கும் இதே விதிதான். நறுக்கு முன்னரே கழுவி, மூடிய பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டாமல் குழம்பிற் சேர்க்கவேண்டும். பசுமை மாறாதிருக்கச் சோடா உப்பிடும் வழக்கம் கெடுதியானது.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 65 முதல் 80 மில்லிகிராம் ஸி ஜீவசத்துப் போதும். 100 கிராம் கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் 200 மில்லிகிராமுக்கு மேலுள்ளது. முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் இவ்வகையில் சிறந்தவை. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை வளர்ப்போர் தழையை ஆட்டுக்குப் போட்டுவிட்டு வீட்டில் புளிக்குழம்போடு நிறுத்திக்கொள்வதும், கொய்யாத் தோப்புள்ளவர் பழம் முழுவதையும் சந்தைக்கு ஏற்றுவதும் பரிதாபமான கணக்கு.

சிறுவர்க்குக் கடைவாயில் வெடித்துப் புண்ணாவது பெரும்பாலும் வேறொரு சத்தின் குறைவாலாகும். பால், மோர், முட்டை, கீரை இவற்றால் அது நீங்கும்.

ஈறு கசிவதெல்லாம் உணவுக் குறையே என்று எண்ணிவிடலாகாது. பல்லடியில் அழுக்கும் காரையும் படிவதே இதற்கு மிகச் சாதாரணமான காரணம். புகையிலையும் நீரிழிவும் அதை வளர்க்கும். இரு வாரம் கீரையும் பழமும் உண்டு, பல்லைச் செவ்வையாகத் துலக்கியும் கசிவு நில்லாதவரும், பல் ஆடக் கண்டவரும் தாமதியாமல் பல் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

முருங்கைப் போத்து ஊன்ற ஆடி, ஆவணி மழை ஏற்றது. மணிக்கட்டுப் பருமனுள்ள, மூன்று முதல் நான்கு அடி நீளமுள்ள முற்றிய கிளையைத் தேர்ந்து, நீர் தேங்காத இடத்தில் நடவேண்டும். பாத்திரம் கழுவும் நீர் பாயும் வாய்க்காலின் ஓரம், கிணறு வற்றிய காலத்திலும் அதற்கு உதவும்.