அணில் முகத்தை நம்பி வாங்கலாமா?

கருஞ்சிறுத்தை அரசன் ஒருவன். அவன் பால் குவளை வைக்கும் மேசைக்கு ஒரு கால் இல்லை. குவளையை வைக்கும்போதெல்லாம் பால் கொட்டிவிடுகிறது. அரண்மனை விஞ்ஞானி கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு செவ்வணிலைப் பிடித்து வந்து முட்டுக்கொடுத்தால் உயரம் சரியாக இருக்கும் என்கிறார். இதுவரைக்கும் பாலர் மலர்க் கதைதான். ஆனால் அந்த அணில் முந்தின இரவு மதுக்கடையில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, தலைவலியோடு எழுந்து, வீட்டுக்கு வழி தெரியாமல் அலைகிறது. போகிற வழியில் மலக்குவியல் ஒன்று எழுந்து நின்று ஆப்பரா பாடுகிறது. அணில் அதன் வாய்க்குள் கழிப்பறைக் காகிதச் சுருள்களை வீசி அடக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் 2001 மார்ச்சில் நின்டெண்டோ 64 கருவிக்காக வெளியிட்ட ‘கான்கர்ஸ் பேட் ஃபர் டே’ இது. தாவிக் குதித்து ஓடும் பழைய பாணி கார்ட்டூன் விளையாட்டு. வயது வந்தோருக்கானது.

சிக்கல் அந்த முகத்தில் இருக்கிறது. கான்கர் என்ற இதே அணில் 1997ல் ‘டிடி காங் ரேசிங்’ என்ற குழந்தைகள் கார்ப் பந்தயத்தில் ஓட்டுநராக வந்தது. 1999ல் கேம் பாய் கலர் கருவிக்கு வந்த ‘கான்கர்ஸ் பாக்கெட் டேல்ஸ்’ எல்லோரும் ஆடலாம் என்ற சான்று பெற்றது. அதற்கிடையில் ‘ட்வெல்வ் டேல்ஸ்’ என்ற பெயரில் தயாராகிக்கொண்டிருந்த பெரிய விளையாட்டைப் பார்த்தவர்கள் ‘இன்னொரு கொஞ்சல் பொம்மையா’ என்று அலுத்துக்கொள்ள, இயக்குநர் கிறிஸ் சீவர் தலைமையிலான குழு அதைக் கெட்ட வார்த்தையும் குடியும் இரத்தமும் நிறைந்த கிண்டலாகத் திருப்பிப்போட்டது. கடை அலமாரியில் நின்ற தாய்க்கோ தந்தைக்கோ தெரிந்ததெல்லாம் பழைய அணில்தான்.

ஒளித்து விற்றார்கள் என்று ரேர் மீது பழிபோட முடியாது. அமெரிக்கத் தர அமைப்பான இ.எஸ்.ஆர்.பி. தந்த ‘எம்’ முத்திரை, அதாவது 17 வயதும் அதற்கு மேலும் என்ற குறி, அட்டையிலேயே இருந்தது. நின்டெண்டோவின் சொந்த இதழான ‘நின்டெண்டோ பவர்’கூட இந்த விளையாட்டைக் கண்டுகொள்ளாமல் ஒதுங்கிக்கொண்டது. எச்சரிக்கை இருந்தும் அணில் முகம் அதை முந்திக்கொண்டது என்பதுதான் இன்றைக்கும் கவனிக்க வேண்டியது.

அந்த முத்திரைக்குச் சட்ட வலு உண்டா? அமெரிக்காவில் இல்லை. ‘மார்ட்டல் காம்பட்’ போன்ற விளையாட்டுகளை முன்வைத்து 1993ல் செனட் விசாரணை நடந்தது. அரசு கைவைப்பதற்குள் தொழில்துறையே முந்திக்கொண்டு 1994ல் இ.எஸ்.ஆர்.பி.யைத் தொடங்கியது. வன்முறை விளையாட்டுகளைச் சிறாருக்கு விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா போட்ட சட்டத்தை, பேச்சுரிமைக்கு விரோதமானது என்று 2011ல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் ரத்து செய்தது. ஆகவே அங்கே ஒரு கடைக்காரர் பதினைந்து வயதுப் பையனைத் திருப்பி அனுப்பினால் அது கடையின் கொள்கை. அந்தக் கொள்கையும் சும்மா வரவில்லை. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சிறுவர்களையே வாடிக்கையாளர்போல் கடைக்கு அனுப்பிச் சோதித்தது. 2000ல் அவர்களில் 85 சதவீதம் பேர் ‘எம்’ விளையாட்டை வாங்கிவந்துவிட்டார்கள். 2012ல் அது 13 சதவீதமாகக் குறைந்தது.

பிரிட்டனில் கதை வேறு. 2012 ஜூலையிலிருந்து, ஐரோப்பிய வயதுத் தர அமைப்பான பெகியின் 12, 16, 18 முத்திரைகளுக்குச் சட்டத்தின் பின்பலம் உண்டு. வயது குறைந்தவருக்கு விற்ற கடைக்காரருக்கு அபராதமோ சிறையோ கிடைக்கலாம். புகாரை உள்ளூர் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவு விசாரிக்கும். ஆனால் சட்டம் கட்டுப்படுத்துவது விற்பவரை மட்டுமே. பெற்றோரே வாங்கிப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். லண்டனிலோ லெஸ்டரிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதுதான் நிலை.

எண்ணையோ எழுத்தையோ மட்டும் பார்ப்பது போதாது. அட்டையின் பின்பக்கத்தில் முத்திரைக்குப் பக்கத்தில் காரணங்களும் அச்சாகியிருக்கும். இ.எஸ்.ஆர்.பி. பட்டியலில் ‘குரூட் ஹியூமர்’ என்றால் கழிப்பறை நகைச்சுவை வகை. ‘மெச்சூர் ஹியூமர்’ என்றால் பாலியல் சாயல் உள்ள வயதுவந்தோர் நகைச்சுவை. முதலாவது குழந்தைகள் விளையாட்டிலும் வரலாம், இரண்டாவது வேறு ரகம். ஐரோப்பியப் பெகியோ வன்முறை, கெட்ட வார்த்தை, பாலியல், போதை, சூதாட்டம் என்று படக்குறிகள் வைத்திருக்கிறது; மலஜல நகைச்சுவைக்கென்று தனிக் குறி அதில் கிடையாது. இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. இ.எஸ்.ஆர்.பி. மதிப்பீட்டாளர்கள் பெட்டியில் வரும் விளையாட்டை முழுக்க ஆடிப் பார்த்து முத்திரை தருவதில்லை. நிறுவனம் நிரப்பித் தரும் வினாப் படிவமும், மோசமான காட்சிகளைத் தொகுத்து அனுப்பும் வீடியோவும்தான் அடிப்படை.

இப்போது அட்டைப்பெட்டியே அருகிவிட்டது. 2015ல் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கு வந்த ‘ரேர் ரீப்ளே’ தொகுப்பில் 30 விளையாட்டுகள். தோட்டம் போட்டு வண்ண மிருகங்கள் வளர்க்கும் ‘விவா பினியாட்டா’வும் குடிகார அணிலும் ஒரே இடத்தில். தொகுப்புக்கு மொத்தமாக ‘எம்’ முத்திரை. எக்ஸ்பாக்ஸில் குழந்தைக்குத் தனிக் கணக்கு தொடங்கி வயது வரம்பு வைத்தால் தொகுப்பே திறக்காது. அப்பாவின் கணக்கில் உள்ளே போய் ஆடினால் எல்லாமே திறக்கும். பல வீடுகளில் பூட்டு தோற்பது இங்கேதான். நின்டெண்டோ 2024ல் தன் பழைய நின்டெண்டோ 64 விளையாட்டுகளில் ‘எம்’ முத்திரை உள்ளவற்றைத் தனிச் செயலியில் பிரித்து வைத்தது உருப்படியான யோசனை.

தமிழ்நாட்டில் கைப்பேசியில் கூகுள் பிளே திறந்தால் 3+, 7+, 12+, 16+, 18+ என்ற குறிகள் தெரியும். உருவாக்கியவரே நிரப்பும் வினாப் படிவத்திலிருந்து அவை வருகின்றன. கார்ட்டூன் முகத்தைப் போட்டுவிட்டு 3+ வாங்கிய செயலிக்குள் ஆபாசம் இருந்தால், அந்தப் பக்கத்திலேயே பொருத்தமற்றது என்று புகார் செய்யலாம். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி வழியாகக் குழந்தையின் கணக்குக்கு வயது வரம்பும் வைக்கலாம்.

தெரியாமல் வாங்கிவிட்டால் பணம் திரும்புமா? முத்திரை அட்டையில் இருக்கும்போது ‘நான் பார்க்கவில்லை’ என்பது வலுவான வாதம் ஆகாது. பிரிட்டனில் இணையம் வழி வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், ஆனால் மென்பொருளின் உறையைக் கிழித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். பிள்ளை கையில் கொடுக்கும் முன் பின்பக்கம் படிக்கச் சொல்வது இதற்காகவும்தான். தரவிறக்க விளையாட்டுகளில் ஸ்டீம் இணையக் கடை 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் தருகிறது. எக்ஸ்பாக்ஸும் 14 நாளுக்குள் கேட்டால், அதிகம் ஆடியிருக்காவிட்டால், பரிசீலிக்கிறது.

பெரியவர்கள் ஏமாறும் இடம் வேறு. கான்கரின் அசல் கார்ட்ரிட்ஜ் சேகரிப்பாளர் சந்தையில் எக்கச்சக்க விலைக்குப் போவதால் போலிகள் தாராளம். அசலின் பின்பக்க ஒட்டியில் ஓர் எண் அச்சுமையில்லாமல் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். விரலால் தடவினால் தெரியும். கூட்டைத் திறந்தால் உள்ளே மின்சுற்றுப் பலகையில் நின்டெண்டோ பெயர் இருக்க வேண்டும். போலி என்று தெரிந்தால், பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி கடையில் வாங்கியதை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணம் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கியிருந்தாலும் ‘அசல்’ என்று எழுதி விற்றிருந்தால் வழக்குக்கு இடமுண்டு. அதனால் விற்பனை விளம்பரத்தைப் படம்பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். விற்றவர் நீக்கிவிட்டால் கையில் ஆதாரம் இருக்காது. 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்குக் கடன் அட்டையில் கடைக்கு நேரடியாகச் செலுத்தியிருந்தால் 1974ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75வது பிரிவின்படி வங்கியிடமே கேட்கலாம். இடைத்தரகுத் தளம் வழியாகப் பணம் போயிருந்தால் இந்த வழி அடைபடக்கூடும், அப்போது அந்தத் தளத்தின் சொந்த வாங்குவோர் பாதுகாப்பில் கெடு முடிவதற்குள் புகார் பதிய வேண்டும்.