உங்களுக்குத் தெரியுமா? காரில் கருகல் வாடை எங்கிருந்து வருகிறது?

காரில் கருகல் வாடை என்றதும், அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே கேட்பது: எப்போது வந்தது, என்ன மாதிரி வாடை?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது காகிதம் தீய்ந்தது போல் வாடை அடித்தால் பெரும்பாலும் கிளட்ச்தான். பெடலில் பாதி மிதித்த காலை எடுக்காமலே ஓட்டினால், கிளட்ச் தட்டு முழுதாகப் பிடிக்காமல் உராய்ந்து கருகும்.

இறங்கும்போது வந்தால் பிரேக்கைப் பாருங்கள். ஆபத்து இதில்தான் அதிகம். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடலாம். குழாயில் ஆவிக் குமிழி சேர்ந்துவிட்டால் பெடல் தரை வரை அமுங்கும், வண்டி நிற்காது! ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்வது பிரேக்கின் சுமையைக் குறைக்கத்தான்.

சமவெளியிலும் வாடை வரும். கேஸ்கெட்டில் கசியும் என்ஜின் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டினால் எண்ணெய் புகையும். இனிப்பு வாடை என்றால் கூலன்ட் கசிவு. சாலையில் கிடந்த பாலிதீன் பை சைலன்சரில் ஒட்டி உருகுவதும் உண்டு.

பிளாஸ்டிக் வாடை காருக்குள்ளிருந்தே வந்தால், எலி கடித்த ஒயராகவும் இருக்கலாம். உடனே ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று 10 ஆம்பியர் இடத்தில் 20 ஆம்பியர் மாட்டாதீர்கள். அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் ஒயரே எரியும்.